நூலகருக்கு ஒரு புதுப் பாடம்

உங்கள் ஊர் நூலகத்துக்குப் போயிருப்பீர்கள். வாசலில் வருகைப் பதிவேடு. மேசைமீது ரப்பர் ஸ்டாம்பும் மைப்பெட்டியும். அதன் பின்னே நூலகர். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். அவர் கொடுப்பார், நாம் வாங்குவோம், படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்போம். புத்தகத்தில் நாம் ஒரு கோடு கிழித்துவிட்டாலும் அவருக்குக் கோபம் வந்துவிடும். வாசகனுடைய வேலை வாசிப்பது, எழுதுவதல்ல.

ஆனால் வாசகனே பக்கத்தில் எழுதலாம், பிழை இருந்தால் திருத்தலாம், விட்டுப்போனதைச் சேர்க்கலாம் என்று ஒரு நூலகம் இருந்தால்? அப்படிப்பட்ட நூலகங்கள் இன்று இணையத்தில் இருக்கின்றன. தமிழிலும் இருக்கின்றன. அவற்றைக் கையாள வேண்டுமானால் பல ஆண்டு அனுபவமுள்ள நூலகர்கூட மறுபடி மாணவராகித்தான் தீரவேண்டும். அவர் எதைக் கற்கிறார்? அந்தக் கருவிகளுக்குள்ளே என்ன நடக்கிறது? இதைக் கற்பனையில் பார்க்க நமக்கு ஓர் ஊர் வேண்டும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில் உள்ள குன்னத்தை எடுத்துக்கொள்வோம். ஏன் குன்னம் என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

குன்னத்துக்கு வந்த சிறுவன்

1860-களில் ஒரு சிறுவன் தன் பெற்றோருடன் குன்னத்துக்கு வந்து சேர்ந்தான். பெயர் சாமிநாதன். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். ஆதரவு கிடைக்கும் ஊரிலெல்லாம் குடும்பத்தோடு தங்குவது அவர் வழக்கம். ஆகவே சிறுவனின் படிப்பும் ஊர் ஊராக நடந்தது. அரியலூரில் கொஞ்சம், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை என்பவரிடம் கொஞ்சம், பின்னர் பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம். 1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தான். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்து உ. வே. சாமிநாதையர். சீவக சிந்தாமணியை 1887-லும், சிலப்பதிகாரத்தை 1892-லும், புறநானூற்றை 1894-லும் அச்சில் கொண்டுவந்தவர்.

ஓலைச்சுவடியைப் படிப்பது எவ்வளவு கடினம் தெரியுமா? எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். எகரம் குறிலா நெடிலா என்று தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் இருக்கும். ‘க’, கால் போன்ற ஒரு கோடு, ‘ல’, ‘ம’ என்று நான்கு குறிகள் வந்தால் அது ‘காலம்’ ஆகவும் இருக்கலாம். ‘கரலம்’ ஆகவும் இருக்கலாம். பொருளை அறிந்தவர்தான் சொல்ல முடியும். ஐயர் என்ன செய்தார்? ஒரே நூலுக்குப் பல ஊர்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து, வரிக்கு வரி ஒப்பிட்டார். வேறுபட்ட பாடங்களைத் தூக்கி எறிந்துவிடாமல் பக்கத்தின் அடியில் குறித்தும் வைத்தார். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு தேவைப்படும்.

ஐயர் தம் வாழ்க்கை வரலாற்றை ‘என் சரித்திரம்’ என்ற பெயரில் 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். 1942-இல் அவர் மறைந்தபோது தொடர் முற்றுப்பெறவில்லை. அப்படியும் நூற்றுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். அதில் குன்னத்து நாட்களும் வருகின்றன.

இப்போது குன்னத்து மாணவி ஒருத்தி நூலகத்துக்கு வந்து, “சார், உ.வே.சா. புத்தகத்தில் நம்ம ஊர் எந்தெந்த இடத்தில் வருது?” என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் நூலகர் தடித்த புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுப்பார். “தேடிப் பாரம்மா!” என்பார். அரை நாள் வேலை. புதிய முறையில் கணிப்பொறியில் ‘குன்னம்’ என்று தட்டினால் நொடியில் விடை வரவேண்டும். வருமா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

படமும் எழுத்தும்

ஒரு புத்தகப் பக்கத்தை ஸ்கேன் செய்து கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் அது ‘ஏறிவிட்டது’ என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் ஏறியது பக்கத்தின் படம் மட்டுமே. லட்சக்கணக்கான சின்னஞ்சிறு புள்ளிகள். சில கறுப்பு, சில வெளுப்பு. அதில் ‘குன்னம்’ என்ற சொல் இருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும், கணிப்பொறிக்குத் தெரியாது. உங்கள் வீட்டு மாட்டின் படத்தையும் அது அப்படித்தான் வைத்திருக்கிறது.

எழுத்தாக வைத்துக்கொள்வது வேறு. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோடு என்னும் ஏற்பாட்டில் ஓர் எண் உண்டு. ‘க’ என்றால் 2965. ‘ன’ என்றால் 2985. ‘ள’ என்றால் 2995. குன்னம் என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணிப்பொறிக்கோ ஏழு எண்கள்: ககரம், உகரக் குறி, னகரம், புள்ளி, மறுபடி னகரம், மகரம், புள்ளி. நீங்கள் தேடும்போது அது இந்த ஏழு எண்களும் இதே வரிசையில் எங்கே வருகின்றன என்றுதான் பார்க்கிறது. பொருள் எதுவும் பார்ப்பதில்லை.

படத்தை எண்களாக மாற்றும் நிரலுக்கு எழுத்துணரி என்று பெயர். முதலில் அது பக்கத்தின் சாய்வைச் சரிசெய்கிறது, மங்கல் புள்ளிகளைக் கறுப்பு அல்லது வெளுப்பு என்று தீர்மானிக்கிறது, வரிகளைப் பிரிக்கிறது, பிறகு ஒவ்வொரு வடிவமும் எந்த எழுத்தாக இருக்கக்கூடும் என்று ஊகிக்கிறது. ஊகம் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏற்கெனவே விடை தெரிந்த ஏராளமான பக்கங்களைக் காட்டி அதைப் பழக்கியிருப்பார்கள். பழகியதைப் போலவே எதிரே வந்தால் நன்றாகப் படிக்கும். இல்லாவிட்டால் தடுமாறும்.

தமிழில் தடுமாறக் காரணங்கள் பல. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகங்களை உங்கள் தாத்தா வீட்டில் பார்த்திருப்பீர்கள். றா, னா, ணா மூன்றும் அவற்றில் சுழித்து வேறு வடிவில் இருக்கும். லை, ளை போன்றவற்றில் யானைத் துதிக்கைபோல ஒரு கொம்பு எழும்பி நிற்கும். புதிய எழுத்தில் மட்டும் பழகிய நிரலுக்கு இவை விளங்காத சித்திரங்கள். தேய்ந்துபோன ஈய எழுத்தில் ரகரத்தின் கால் அச்சில் விழாமல் போனால் அது துணைக்கால் ஆகிவிடும். ஓலையில் ஐயர் பட்ட பாடு இங்கே திரும்ப வருகிறது, பார்த்தீர்களா?

சில பிழைகள் கண்ணுக்கே தெரியாதவை. ‘அவர்’ என்ற சொல்லில் ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலைப் போட்டுப் புள்ளி வைத்தால் ‘அவா்’ என்று வரும். இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? ஆனால் ரகரத்தின் எண் 2992. துணைக்காலின் எண் 3006. ‘ஔவை’ என்பதன் முதலெழுத்துக்கு 2964 என்று ஒரே எண். அதையே ஒகரமும் ளகரமுமாகத் தட்டினால் 2962, 2995 என்று இரண்டு எண்கள். கண்ணுக்கு ஒரே ஔவைதான், கணிப்பொறிக்கு இருவர். தமிழ் எண்கள் இன்னும் வேடிக்கை. ‘௧’ என்பது ஒன்று. ‘க’ என்பது ககரம். ‘௭’ என்பது ஏழு. ‘எ’ என்பது எகரம்.

இப்போது நம் மாணவியின் கேள்விக்கு வருவோம். மங்கிய பக்கத்தில் னகரத்தை ளகரம் என்று நிரல் ஊகித்துவிட்டால் குன்னம் ‘குள்ளம்’ ஆகிவிடும். புத்தகம் இணையத்தில் இருக்கும், பக்கமும் இருக்கும், ஆனால் தேடினால் ஊர் கிடைக்காது. “புத்தகத்தில் நம்ம ஊர் பேரே இல்லையாம்” என்று அவள் திரும்பிப் போய்விடுவாள். அலமாரியில் தவறான இடத்தில் செருகப்பட்ட புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம் என்பது எந்த நூலகருக்கும் தெரியும். இதுவும் அதே கதைதான். திருத்த ஒரு மனிதக் கண் வேண்டும். அந்தக் கண்ணோடு பக்கத்தில் எழுதும் உரிமையும் வேண்டும்.

எழுதக்கூடிய பக்கம்

நூலகத்தில் இரண்டு பொருள்களை ஒப்பிடுங்கள். ஒன்று, சுவரில் ஒட்டிய அறிவிப்பு. எல்லோரும் படிக்கலாம், யாரும் மாற்ற முடியாது. மற்றொன்று, கயிற்றில் கட்டிய பேனாவுடன் கிடக்கும் ஆலோசனைப் பதிவேடு. யாரும் எழுதலாம், அடுத்து வருபவர் அதையும் சேர்த்துப் படிப்பார். முதல் வகை இணையப் பக்கத்தில் உங்கள் கணிப்பொறி, தொலைவில் உள்ள சர்வர் என்னும் கணிப்பொறியிடம் “இந்தப் பக்கத்தைக் கொடு” என்று கேட்கும், அது கொடுக்கும், அவ்வளவுதான். இரண்டாம் வகையில் நீங்கள் தட்டியதும் சர்வருக்குப் போகும். அது தன் தரவுக் கிடங்கில் எழுதிக்கொண்டு, பக்கத்தைப் புதிதாகக் கட்டி அனுப்பும். அடுத்து அமெரிக்காவிலிருந்து ஒருவர் திறந்தாலும் நீங்கள் எழுதியதும் சேர்ந்தே தெரியும்.

இது பிற்காலத்துச் சேர்க்கை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் செய்த முதல் இணைய உலாவியிலேயே படிக்கவும் முடிந்தது, எழுதவும் முடிந்தது. பிறகு பரவிய உலாவிகள் படிப்பதோடு நின்றுவிட்டன. 1995-இல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர், திறந்த பக்கத்தை அங்கேயே திருத்தும் வசதியுடன் ஒரு தளம் அமைத்தார். அதற்குப் பெயர் தேடியபோது ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடும் ‘விக்கி விக்கி’ பஸ் அவர் நினைவுக்கு வந்தது. ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு. விக்கிப்பீடியாவின் பெயர் வந்த வழி இதுதான்.

அதன் உடன்பிறப்பு விக்கிமூலம். இது மூல நூல்களுக்கான நூலகம். தமிழ்நாடு அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருப்பதை அறிவீர்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளில் தமிழ் இணையக் கல்விக்கழகம் இத்தகைய நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பொதுப் பயன்பாட்டுக்கு வழங்க, அவை தமிழ் விக்கிமூலத்தில் ஏறின. எழுத்துணரி அவற்றைப் படித்துக் கொடுத்துவிட்டது, மேலே சொன்ன எல்லாத் தடுமாற்றங்களுடனும். மனிதக் கண் பார்க்க வேண்டிய பக்கங்கள் லட்சக்கணக்கில்!

செய்து கற்பது

நூலகர்கள் இந்தக் கருவிகளை எப்படிக் கற்றார்கள்? 2006-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஒரு சோதனை நடந்தது. அங்கே பணிபுரிந்த ஹெலீன் பிளவர்ஸ் என்ற அம்மையார் வகுப்பும் வைக்கவில்லை, தேர்வும் வைக்கவில்லை. 23 சிறு செயல்களைப் பட்டியலிட்டு ஒன்பது வாரம் தவணை கொடுத்தார். ஒரு படத்தை இணையத்தில் ஏற்று. அதற்குக் குறிச்சொல் இடு. விக்கியில் ஒரு வரி சேர். இப்படி ஒவ்வொன்றும் சிறியது. முடித்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் சிறு கருவி ஒன்று பரிசு! விளையாட்டுப்போல் இருக்கிறதல்லவா? ஆனால் பல நாடுகளின் நூலகங்கள் அந்தப் பட்டியலை எடுத்துத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டன.

நமக்கு இது புதிதல்ல என்றுதான் சொல்வேன். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானபோது அவருக்கு நூலக வேலையே தெரியாது. அவர் மாநிலக் கல்லூரியின் கணித ஆசிரியர். லண்டனுக்குப் போய் வகுப்பில் உட்கார்ந்தது ஒரு பங்கு. கிராய்டன் நகரப் பொது நூலகத்தில் நின்று நடப்பதைக் கவனித்தது இன்னொரு பங்கு. அங்கே ஒரு கடையில் ‘மெக்கானோ’ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். ஒரே துண்டுகளைத் திருகாணியால் வெவ்வேறு விதமாக இணைத்தால் வெவ்வேறு பொருள் வருகிறது. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டுகளாக்கி இணைத்தால் என்ன? 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறை பிறந்த கதை அது. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படுபவரே நடுவயதை நெருங்கும்போது முதல் பாடம் படித்தவர்தான்.

முதல் பக்கம்

சரி, குன்னத்துக்குத் திரும்புவோம். நம் கற்பனை நூலகர் கணிப்பொறிமுன் உட்காருகிறார். முதல் தடை விசைப்பலகை. இளமையில் தட்டச்சு நிலையத்தில் கற்ற விரல்கள் பழைய இடங்களையே தேடும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான ‘தமிழ்99’ என்னும் அமைப்பு புதியவர்களுக்கு எளிது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் வலக்கைப் பக்கம். ககரமும் உகரமும் தட்டினால் ‘கு’. னகரத்தை இரண்டு முறை தட்டினால் முன்னதற்குத் தானாகவே புள்ளி விழுந்து ‘ன்ன’ ஆகிவிடும். பின் மகரம், புள்ளி. ஆறு தட்டில் குன்னம் வந்துவிட்டது. பயின்றவர்கள் விரைவாகவே தட்டிவிடுகிறார்கள்.

இரண்டாம் தடை பெரியது. அது மனத்தில் இருக்கிறது. “நான் எதையாவது அழுத்தி எல்லாம் அழிந்துபோனால்?” வாழ்நாள் முழுவதும் புத்தகத்தைப் பாதுகாத்தவருக்கு இந்தப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். விக்கியில் இதற்கு இரண்டு மருந்து உண்டு. ஒன்று, ‘மணல்தொட்டி’. எதை வேண்டுமானாலும் எழுதிப் பழக ஒதுக்கப்பட்ட பக்கம். மற்றது, ‘வரலாறு’ என்னும் பொத்தான். பக்கத்தில் ஒருவர் ஒரு புள்ளியை மாற்றிச் சேமித்தாலும் பழைய பக்கம் அழிவதில்லை. யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு மாற்றினார் என்ற குறிப்புடன் ஒவ்வொரு பதிப்பும் அடுக்கடுக்காக நிற்கிறது. தவறு நேர்ந்தால் முந்தைய பதிப்பை மீட்க ஒரு பொத்தான் போதும். ஐயர் பாட பேதங்களைத் தூக்கி எறியாமல் குறித்து வைத்ததை நினைவில் வைக்கச் சொன்னேனே, இங்கே இயந்திரம் அதே வேலையை ஓயாமல் செய்கிறது.

இரண்டு பதிப்புகளுக்கும் என்ன வேறுபாடு என்று காட்டுவது எப்படி? நானாக எழுதிய ஒரு வரியைப் பாருங்கள். பழையது: ‘குள்ளம் ஊரில் ஓராண்டு இருந்தோம்’. புதியது: ‘குன்னம் ஊரில் ஓராண்டு இருந்தோம்’. இரண்டிலும் ஒரே ஒழுங்கில் வரும் மிக நீண்ட பொதுப் பகுதியை நிரல் முதலில் கண்டுபிடிக்கிறது. ‘ஊரில் ஓராண்டு இருந்தோம்’ என்பதை ஒதுக்கிவிட்டால் எஞ்சுவதுதான் மாற்றம். அதை மட்டும் வண்ணமிட்டுக் காட்டுகிறது. முந்நூறு வரியில் ஓர் எழுத்து மாறினாலும் நூலகர் தேடி அலைய வேண்டியதில்லை.

இப்போது அவர் விக்கிமூலத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கிறார். ஒரு பாதியில் ஸ்கேன் செய்த படம். மறுபாதியில் எழுத்துணரி படித்த வாசகம். படத்தைப் பார்த்து வாசகத்தைத் திருத்த வேண்டும். அச்சகத்தில் புரூப் பார்ப்பது என்பார்களே, அதேதான். புதிதாக வந்த பக்கம் வெளிர்சிவப்பு நிறம் காட்டும். ஒருவர் முழுவதும் பார்த்து முடித்தால் மஞ்சள். இன்னொருவர் மறுபடி பார்த்து ஒப்புக்கொண்டால் பச்சை. முதலில் பார்த்தவரே பச்சையாக்க முயன்றால் கருவி இடம் கொடுக்காது! தம் பிழை தம் கண்ணுக்குத் தெரியாது என்பது தேர்வில் விடைத்தாளைத் திருப்பிப் பார்த்த உங்களுக்குத் தெரியாததா? இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு விதிதான்.

இன்னொரு விதி நூலகருக்குக் கசக்கலாம். ஆசிரியர் பழைய முறையில் ஒரு சொல்லை எழுதியிருந்தால் இன்றைய இலக்கணப்படி அதைத் ‘திருத்த’க் கூடாது. படத்தில் இருப்பது எதுவோ அதுவே வாசகத்திலும் இருக்க வேண்டும். கை துறுதுறுக்கும்; அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரே பக்கத்தைக் குன்னத்தில் ஒருவரும் கோலாலம்பூரில் ஒருவரும் ஒரே நேரத்தில் திறந்து திருத்தினால்? முதலில் சேமித்தவரின் திருத்தம் ஏறிவிடும். அடுத்தவர் சேமிக்கும்போது, “நீங்கள் திறந்த பிறகு பக்கம் மாறிவிட்டது” என்ற பொருள்பட எச்சரிக்கை வரும். இருவர் செய்ததையும் பார்த்து அவர் இணைத்துக்கொள்ளலாம். இரண்டு திருத்தங்களும் வெவ்வேறு வரிகளில் இருந்தால் பெரும்பாலும் கருவியே இணைத்துவிடும்.

பிழையின் ஆயுள்

ஓலையில் ஒருவர் பிழையாக எழுதினால் அதைப் பார்த்து எழுதியவர் எல்லோரும் அந்தப் பிழையைச் சுமந்தார்கள். அச்சில் ஒரு பிழை விழுந்தால் ஆயிரம் படியிலும் விழுந்தது. அடுத்த பதிப்பு வரை அதற்கு ஆயுள். பழைய புத்தகங்களின் கடைசியில் ‘பிழைதிருத்தம்’ என்று ஒரு தாள் இருக்குமே, அதை எத்தனை பேர் படித்தார்கள்? விக்கியில் பிழைக்கு ஆயுள் அடுத்தவர் பார்க்கும்வரைதான். ஆனால் யாரும் பார்க்காத பக்கத்தில்? அங்கே பிழை சாசுவதம். வேண்டுமென்றே விஷமம் செய்பவர்களும் உண்டு. ஒரு நிமிடத்தில் திருத்தக்கூடியதை ஒரு நிமிடத்தில் கெடுக்கவும் முடியும் அல்லவா? அதனால்தான் இந்த இடங்களுக்கு நூலகர் தேவைப்படுகிறார். எந்தச் செய்திக்கு எந்தப் புத்தகம் சான்று, அந்தப் புத்தகம் நம்பத்தகுந்ததா என்று பார்ப்பது அவர் தொழில். 2016-இல் விக்கிப்பீடியாவின் 15ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி உலக நூலகர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். ஒவ்வொரு நூலகரும் ஒரே ஒரு சான்று சேர்க்கட்டும் என்பதே அது. அன்று முதல் ஆண்டுதோறும் இது நடந்துவருகிறது.

இவ்வளவு சிரமம் எதற்கு, புத்தகம்தான் அலமாரியில் இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய சுவடிகளும் சாம்பலாயின. அவற்றில் சிலவற்றுக்கு வேறு படியே கிடையாது. அந்த இழப்பை மறக்காத ஈழத்துத் தமிழர்கள் 2005-இல் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே ஓர் இணைய நூலகம் தொடங்கினார்கள். புத்தகம், இதழ், பள்ளி மலர், துண்டு அறிக்கை என்று ஈழத்துத் தமிழர் தொடர்பானவை எதையும் அது விடுவதில்லை. அந்தத் தளம் கட்டப்பட்டிருப்பதும் ஒரு விக்கி நிரலின்மேல்தான்.

உங்களுக்கு ஆர்வம் இருந்தால் உங்கள் நூலகரிடம் சொல்லிப் பாருங்கள். இருவரும் சேர்ந்தே தொடங்கலாம். ஒருவர் மஞ்சள், ஒருவர் பச்சை. பயனர் பெயர் வைக்கும்போது முழுப்பெயர், கைப்பேசி எண், பள்ளியின் பெயர் எதையும் வெளியிட வேண்டாம். வரலாற்றுப் பொத்தான் நல்லதை மட்டுமல்ல, அவசரத்தில் எழுதியதையும் சேர்த்து வைக்கும்!

செய்து பாருங்கள்

கீழே உள்ள வாக்கியத்தில் எழுத்துணரி செய்யக்கூடிய நான்கு பிழைகள் இருக்கின்றன. ஒன்று எளிதில் தெரியும். மற்ற மூன்றும் கண்ணை ஏமாற்றும்.

‘குள்ளம் நூலகத்தில் ௭ட்டு மாணவா்கள் ஒளவையார் பாடல்களைத் தேடினர்.’

கணிப்பொறி கிடைத்தால் இதே வாக்கியத்தைப் பிழையுடன் ஒருமுறையும் சரியாக ஒருமுறையும் தட்டி வைத்து, ‘எட்டு’, ‘மாணவர்’, ‘ஔவை’ என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். எந்த வாக்கியம் அகப்படுகிறது, எது நழுவுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

விடை: குள்ளம் என்பது குன்னம் என்றிருக்க வேண்டும். ‘எட்டு’ என்பதன் முதலில் எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழு நிற்கிறது. மாணவர்கள் என்பதில் ரகரத்தின் இடத்தில் துணைக்கால். ஔவையாரின் முதலெழுத்து, ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்துவிட்டது.